கேட்காமல் குத்திய காது

மகளே, மகனே, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ‘நீ’ என்று வருகிற இடத்திலெல்லாம் மகளிடம் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனே, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் கேட்பதாக நினைத்துக்கொள். போனிலேயே சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை எடுத்தேன். “சாப்ட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா” என்று நீங்கள் ஆரம்பித்தவுடன் சொல்ல வந்தது உள்ளே போய்விடுகிறது. நான் பத்தாவது வரை படித்தவன். செராமிக் கம்பெனிக்கு லீவு லெட்டர் எழுதினதைத் தவிர வேறு எழுதிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா கடைசியாக ஒரு தடவை பேத்தியைக் கண்ணால் பார்க்காமலே போய்விட்டாள். அவளுடைய பிடிவாதம்தான் அதற்குக் காரணம் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைக்கிறீர்கள். மகளுடைய பிடிவாதம் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். இரண்டும் இல்லை. நடந்தது இன்னதென்று முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் இப்போது மிச்சம்.

அம்மாவின் காதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அவள் வேப்பூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டுக்காரர் மகள். ஐந்து பெண்களில் நான்காவது. மூத்தவளுக்குக் காது குத்தும்போது தங்கம் போட்டார்கள். இவள் முறை வருவதற்குள் மழை இல்லாமல் கையிலிருந்ததெல்லாம் போய்விட்டது. காதை மட்டும் குத்தி, ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிவிட்டார்கள். குச்சி காய்ந்து போனால் புதுக் குச்சி. கல்யாணம் வரைக்கும் அவள் காதில் அதுதான் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் பின் வரிசைப் பெண்கள், “தண்ணி ஊத்துங்கடி, அவ காதுல மரம் முளைக்கட்டும்” என்பார்களாம். இதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சொல்லும்போது கை மட்டும் காதுக்குப் போகும். நான் பெண் பார்க்கப் போன அன்று இரண்டு காதையும் மறைத்து முடியை இறக்கிச் சீவியிருந்தாள். இது என்ன சீவல் என்று நினைத்தேன். கல்யாணத்தில் எங்கள் வீட்டில் சிவப்புக்கல் கம்மல் போட்டோம். அதற்கப்புறம் அவள் முடியை இறக்கிச் சீவி நான் பார்க்கவில்லை.

இனி உன் காது.

நீ வயதுக்கு வந்து மஞ்சள் நீராட்டு வைத்தபோது உன் பெரியம்மாவின் ஜிமிக்கியை வாங்கி உனக்கு மாட்டினார்கள். அந்தக் கனத்துக்கு மாட்டல் போட்டுத் தலைமுடியோடு சேர்த்து இழுத்துக் கட்டவேண்டும். அவசரத்தில் மாட்டலைத் தேடி யாருக்கும் கிடைக்கவில்லை. மதியமே நீ என்னிடம் வந்து, “வலிக்குதுப்பா” என்றாய். நான், “ஒரு நாள்தானேம்மா, சொந்தக்காரங்க போற வரைக்கும் பொறுத்துக்கோ” என்றேன். சாயங்காலம் மாலையைக் கழற்றும்போது அதன் நார் ஜிமிக்கியில் மாட்டி, இடது காது கீழே வரை அறுந்துவிட்டது. பட்டுப் பாவாடையோடு உன்னை வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தையல் போடும்போது நீ அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நீ காதில் ஒன்றும் போடவில்லை. சென்னையில் வேலைக்குப் போனாய். கல்யாணத்தில் ஒற்றைச் சங்கிலியோடு உட்கார்ந்தாய். ஷூவில் உறுத்துகிறது என்று மெட்டியை ஒரே வாரத்தில் கழற்றினாய். மஞ்சள் கயிறு மெல்லிய செயினாக மாறி, அப்புறம் அதுவும் ஆபீஸ் நாட்களில் வீட்டில் தங்கிவிட்டது. அம்மா அங்கலாய்ப்பாள். “ஐடி கார்டு கழுத்துல தொங்குது, தாலி பீரோவுல தொங்குது” என்று நீ இருக்கும்போதே சொல்வாள். நீ சளைத்தவளா? “ஐடி கார்டு இல்லன்னா உள்ள வுடமாட்டாங்கம்மா. தாலி இல்லன்னா உம் மாப்ள உள்ள வுடறாரு” என்பாய். மாப்பிள்ளையும், “அத்தை, அவங்க கழுத்து, அவங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டார். “கட்டுனவரே சொன்ன பொறவு நான் இன்னா சொல்லிக் கிழிக்கப் போறேன்” என்று அம்மா என்னிடம் வந்து புலம்பினாள்.

எங்கள் கம்பெனியில் பொம்மைக்கு விளிம்பு தேய்க்கிற பெண்கள், வேலைக்கு உட்காரும்போது வளையலையெல்லாம் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். வளையல் பட்டால் பச்சை மண்ணில் கோடு விழுந்துவிடும். வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறாயே என்று அவர்களை யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. வேலைக்காகக் கழற்றினால் சரி, வேண்டாம் என்று கழற்றினால் தப்பு என்று எப்படி முடிவு செய்தோம்? இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை.

குழந்தை பிறந்து ஒன்பதாவது மாதம் காது குத்துப் பேச்சு வந்தது. அம்மாவுக்குக் கிட்னி இரண்டும் கெட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போய்க்கொண்டிருந்த நேரம். தனக்கு அதிக நாள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பேத்தி காதில் தங்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும் என்பதால் முதலில் மகனைத்தான் பிடித்தாள்.

“மாமன் மடி காலியா கெடக்குதுடா. ஒரு நாளு லீவு போட்டு வா.”

“அக்கா சொல்ற அன்னிக்கு வரேம்மா. என் மடி எங்கயும் ஓடிப்போவாது” என்று நீ, மகனே, சிரித்துக்கொண்டே நழுவினாய்.

அக்காவோ ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். “அவ வளரட்டும்மா. புடிச்சா அவளே குத்திக்குவா.”

“பொட்டப் புள்ள மூளிக் காதோட நிக்கறதா? நாலு பேரு இன்னா கேப்பாங்க?”

“நான் நிக்கலியா?”

“எனக்கு அவ்ளோ நாள் இல்லடி.”

“அதச் சொல்லி மிரட்டாதம்மா” என்றாய், மகளே. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாய். அம்மா இந்தப் பக்கம் அழுதாள். நான் நடுவில் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தாவது மாதம் மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தார் என்று நீ குழந்தையோடு இங்கே வந்திருந்தாய். திடீரென்று ஆபீசில் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் வேலை. குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாய். ஜங்ஷனுக்கு நான்தான் கொண்டுவந்து விட்டேன். ரயில் வருகிற சமயத்தில் என் கையைப் பிடித்து, “அப்பா, அம்மா காது விஷயத்துல எதாவது செஞ்சிடப் போறாங்க. நீங்க பாத்துக்குங்க” என்றாய்.

“நீ போம்மா. நான் இருக்கறேன் இல்ல?” என்றேன்.

சொன்னபோது மனதாரப் பொய் சொல்லவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அம்மா குழந்தையை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு காதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊசி போட்டுப் போட்டுக் கறுத்துப்போன கை. அந்தக் கையால் குழந்தையின் காதுமடலைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். அன்று மத்தியானமே நான் போய் ஆசாரியிடம் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டுக்கொள் மகளே: ஆசாரியிடம் சொன்னது நான். அம்மா கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஆட்டோவில் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனோம். இறங்கினதும் அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

“வேணாங்க. திரும்பிடலாம்.”

“ஏன்?”

“அவ திட்டுனா வாங்கிக்குவேன். மொகத்தத் திருப்பிக்கினான்னா தாங்கமாட்டேன். வாங்க போலாம்.”

அவள் ஆட்டோவுக்குள் ஒரு காலை வைத்துவிட்டாள். “வந்தது வந்துட்டோம். ரெண்டு நிமிஷ வேலை. அவ கோவம் ரெண்டு நாள்ல அடங்கிடும்” என்று சொல்லிக் குழந்தையை அவள் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். குழந்தை என் கையில் வந்தபிறகு அவள் என் பின்னாலே வந்தாள். அவ்வளவுதான். இத்தனை நாள் உங்களுக்குச் சொல்லாதது இதுதான்.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே, “தாய்மாமன் எங்க?” என்றார்.

“வெளியூருங்க. வர முடியல.”

“அப்ப மடி யாருது?”

“என்னுதுதான்.”

“தாத்தா மடியா? கெட்டியா புடிங்க. ஊசியக் கண்டா மொதல்ல கண்ண மூடறது தாத்தாங்கதான். மொட்டை அடிக்கலியா?”

நான் அம்மாவின் காதோரம், “மொட்டை அடிச்சா வந்ததும் தெரிஞ்சிடும்” என்றேன். அவள், “ஆமாமா, கம்மலு மட்டும் தெரியாது பாரு” என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நோய் வந்தபிறகு அப்படி அவள் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

வலது காது நிமிஷத்தில் முடிந்தது. இடது காதுக்கு ஊசி வரும்போது குழந்தை தலையைத் திருப்பியது. நான் ஆசாரி சொன்ன மாதிரியே கண்ணை மூடியிருந்தேன். பிடி தளர்ந்தது. ஓட்டை கொஞ்சம் தள்ளி விழுந்தது. ரத்தம் ஒரு சொட்டு என் வேட்டியில் பட்டது. பொட்டுக்கடலையும் வெல்லமும் வாயில் வைத்தும் குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. அம்மா முந்தானையால் அதன் கண்ணைத் துடைத்து, “ஆயிடுச்சுடி தங்கம், ஆயிடுச்சு. ஒனக்கெல்லாம் குச்சி இல்லடி, பாரு” என்றாள். அது அவளுக்கும் குழந்தைக்கும் நடுவில் இருந்த பேச்சு.

நீ வந்து இறங்கியபோது சித்திரை வெயில். குழந்தையின் தலையில் கம்பளிக் குல்லா. காதை மூடித் தாடையோடு கட்டியிருந்தோம். இதைவிட முட்டாள்தனம் வேறு இருக்கிறதா? நீ வாசலிலேயே நின்று, “இன்னாம்மா இது, ஊட்டியா?” என்று சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாய்.

குல்லாவைக் கழற்றி இரண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

“யாரு மடியில வச்சீங்க?”

“என் மடியிலதாம்மா” என்றேன்.

“நீங்களுமாப்பா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா நடுவில் வந்து நின்றாள். “அவர ஏன் கேக்கற? நான்தான் இழுத்துட்டுப் போனேன். அவரு வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு.”

“என்னக் கேக்காம எம் புள்ள ஒடம்புல ஓட்டை போட்டிருக்க.”

“ஒன் காதக் குத்தறப்ப ஒன்னக் கேட்டா குத்தனோம்?”

“அதத்தாம்மா நானும் சொல்றேன்” என்றாய்.

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அம்மா தெருமுனை வரைக்கும் வந்தாள். நீ திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பயந்தது போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அப்போதாவது நான் ஓடிவந்து, “நான்தாம்மா செஞ்சேன், அவ திரும்பிடலாம்னு சொன்னா” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் கோபம் அம்மா மேல் இருந்தால் ஆறிவிடும், அவள் நோயாளி என்று நீ மன்னித்துவிடுவாய், என் மேல் இருந்தால் என்ன ஆகுமோ என்று நினைத்தேன். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் இதுதான் நிஜம்.

இரண்டு வாரம் கழித்து மகன் போன் செய்தான். “அப்பா, புள்ளைக்கு இடது காது சீழ் வச்சிடுச்சு. ரெண்டு கம்மலையும் எடுத்துட்டு கட்டுப் போட்டிருக்காங்க. ஜுரமும் இருக்குது. அம்மாகிட்ட நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றான். சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு உள்ளே போனால் அம்மா சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். இதையும் சொன்னால் அந்த ஒரு வாயும் இறங்காது என்று விட்டுவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அப்படியே போய்விட்டது.

இதனால் என்ன ஆயிற்று தெரியுமா? அவள் வீடியோவில் குழந்தையைக் காட்டச் சொல்லிக் கெஞ்சுவாள். நீ, “இப்ப வேணாம்ப்பா, அப்பறம் காட்டறேன்” என்பாய். கட்டுப் போட்ட காதை அம்மா பார்த்தால் மனது கஷ்டப்படும் என்று நீ நினைத்தாய். அவளுக்குக் கட்டு விஷயமே தெரியாது. “மொகத்தக்கூட காட்டமாட்டேங்கறா பாத்தீங்களா? நான் இன்னா கொலையா பண்ணிட்டேன்?” என்பாள். காது ஒழுங்காக ஆற ஐப்பசி ஆகிவிட்டது. சின்னதாக வெட்டித் தைத்ததாகவும் மகன் சொன்னான். அத்தனை மாதமும் நீ அம்மாவைப் பற்றி ஒன்று நினைத்துக்கொண்டாய், அவள் உன்னைப் பற்றி ஒன்று நினைத்துக்கொண்டாள். இரண்டையும் கேட்டுக்கொண்டு நான் நடுவில் இருந்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள், கோயிலுக்குக் கூட்டிப் போங்கள் என்றாள். கும்பிடத்தான் என்று நினைத்தேன். அங்கே போனதும், “ஒரு தாளு வாங்கியாங்க. பிராது கட்டணும்” என்றாள்.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது உங்களுக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுக்கிற மாதிரி, இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்துவிட்டார் என்று தாளில் எழுதிச் சாமி காலடியில் வைத்து எடுத்து, வேலில் நூலால் கட்டிவிட்டு வருவது. அதற்கு மேல் அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பிக்கை. நிலத்தகராறுக்குக் கட்டுவார்கள், நகை களவு போனால் கட்டுவார்கள்.

“யாரு மேல?” என்றேன்.

“ஒங்க பொண்ணு மேலதான்.”

“பைத்தியமா ஒனக்கு? பெத்த புள்ள மேலயா?”

“பெத்ததாலதான் கேக்கறேன். வேற யாருகிட்ட போய்க் கேப்பேன்? எழுதுங்க. எனக்குக் கை நடுங்குது.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பேத்தியைப் பத்திரமாக வைத்திருந்து காது குத்தியதைத் தவிர வேறு குற்றம் செய்யவில்லை என்றாள். ஆறு மாதமாக முகத்தைக்கூடக் காட்டாமல் மகள் வஞ்சம் வைத்திருக்கிறாள் என்றாள். கொளஞ்சியப்பர் அவளை விசாரிக்க வேண்டும் என்றாள். விசாரிக்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். உன் பெயரையும் ஊரையும் எழுதச் சொன்னாள். எழுதினேன். ‘காது சீழ் பிடித்தது, அதனால்தான் அவள் காட்டவில்லை’ என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் பேனாவை என் கையிலிருந்து பிடுங்கியிருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதினேன். கட்டி முடித்ததும் அவள் வேலுக்கு முன்னால் நின்று, “ரொம்ப தண்டிச்சிடாதப்பா. புள்ளைய மட்டும் கொண்டாந்து காட்டச் சொல்லு” என்று முணுமுணுத்தாள். நான் அதை எழுதவில்லை. அது தாளில் இல்லை.

மார்கழியில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உனக்குப் போன் செய்தேன். “காலையில மொத பஸ்ஸுல வரேம்ப்பா, புள்ளையோட” என்றாய். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, “எங்க வந்துட்டாங்க?” என்று கால் மணிக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். திண்டிவனம் என்றேன். விழுப்புரம் என்றேன்.

“கம்மலு கெடக்குதா புள்ள காதுல?”

“கெடக்குது” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். நீ உளுந்தூர்பேட்டை தாண்டிவிட்டோம் என்று போன் செய்தபோது அவள் போய்விட்டிருந்தாள். “பாத்து வாம்மா” என்று மட்டும் உன்னிடம் சொன்னேன்.

வீட்டில் குளிப்பாட்டுவதற்கு முன்னால் நகையைக் கழற்றியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிவப்புக்கல் கம்மல் மட்டும் வரவில்லை. கல்யாணத்தில் போட்டது, திருகு இறுகிக் காதோடு காதாக ஆகியிருந்தது. உன் பெரியம்மா இழுத்தாள். வேறொருத்தி சோப்புத் தண்ணீர் ஊற்றினாள். கட்டிங் பிளேயர் கொண்டுவா என்று யாரோ குரல் கொடுத்தார்கள். நீ அதுவரை சுவரோரமாக உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாய். “யாரும் இழுக்காதீங்க. அறுந்துடும்” என்றாய். தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுத் திருகில் விட்டு, அம்மாவின் தலையை உன் மடியில் வைத்துக்கொண்டு, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாய். பந்தலில் ஆட்கள் நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ அவசரப்படவில்லை. “இதோ ஆச்சும்மா, வலிக்காதும்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். இரண்டும் வந்தன. அம்மாவின் காது அறுபடவில்லை.

அப்போதுதான் உன் பெரியம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, “பேத்தி காது இப்பிடி மூளியா கெடந்தா ஆயா மனசு எப்பிடி தாங்கும்? ஒடஞ்சே போயிட்டா” என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் நான் பேசவில்லை. அதன்பிறகு குழந்தை என்னிடம் தத்தி வந்தது. தூக்கினேன். இடது காதில் துவரம்பருப்பு அளவுக்குத் தழும்பு. கட்டியாக, தொட்டால் நழுவுகிறது. குழந்தை என் விரலைத் தட்டிவிட்டது.

மகளே, நகை வேண்டாம் என்றது உன் நியாயம். ஒரு பொட்டுத் தங்கம் வேண்டும் என்றது அவள் நியாயம். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நல்ல சண்டை நடந்து, அழுது, ஒரு நாள் தீர்ந்திருக்கும். தீரவிடாமல் செய்தது என் வாய். பிள்ளை பெரியவளாகித் தானாகக் கேட்டால் குத்திவிடு. கேட்காவிட்டால் விட்டுவிடு. தழும்பு ஏன் என்று கேட்டால் ஆயாவைச் சொல்லாதே. என்னைச் சொல்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போனீர்கள். மறுநாள் காலையில் குளித்துவிட்டு நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். பிராதைத் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். அங்கே இருந்தவர், “நெறவேறிடுச்சாங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. பிராது தப்பு.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வாபஸ்னு எழுதிக் கட்டிடுங்க” என்று வெற்றுத் தாளைக் கொடுத்தார். ‘என் மகள் மேல் கொடுத்த பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சொன்னவளுக்கு விவரம் தெரியாது. விவரம் தெரிந்து எழுதியவன் நான். விசாரிப்பதானால் என்னை விசாரிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலில் பழைய தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிக் கிடந்தன. எல்லாம் மழையில் நனைந்து ஒட்டியிருந்தன. எங்களுடையது எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே குனிந்து, தாளைச் சுருட்டி நூலைச் சுற்றிக் கட்டினேன். அவிழ்ந்துவிடாமல் இருக்கிறதா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்தேன்.